அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த மகளுக்கு வேளாண் பட்டப்படிப்பு: என்னென்ன கல்வி உதவிகள் கிடைக்கும்?

திருவாரூர் உழவர்:
அனைவருக்கும் வணக்கம். என் மகள் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். எனக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை. குறுவைக்கு அடகு வைத்த நகையையே இன்னும் மீட்கவில்லை. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும் என்கிறார்கள். அது இவளுக்குப் பொருந்துமா? வெளிமாநிலக் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 2,000 ரூபாய் தருவார்களாமே, அதற்கு முயலலாமா? மூத்தவன் ஐ.டி.ஐ. முடித்தவன், வீட்டில் பட்டதாரி எவருமில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
ஐயா, 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உங்கள் மகளுக்குக் கிடைக்காது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கானது. உதவி பெறும் பள்ளிகள் அதில் சேரவில்லை. ஆண்டுதோறும் இந்த ஒரு சொல்லில்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். ஆனால் புதுமைப் பெண் திட்டம் 2022இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கெனத் தொடங்கப்பட்டு, பின்னர் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டுவிட்டதால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவளுக்கு வரும்.

உங்களுக்குப் பெரிய உதவி முதல் பட்டதாரிச் சலுகைதான். கலந்தாய்வு வழியே சேருவோருக்கு அது கற்பிப்புக் கட்டணத்தில் கிடைக்கும். விடுதிச் செலவு உங்கள் பொறுப்பு. மூத்தவனின் ஐ.டி.ஐ. சான்றிதழ் பட்டம் ஆகாது என்பதால் அதை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். நீங்கள் இரண்டரை ஏக்கருக்குள் நஞ்சை வைத்து நேரடியாகப் பயிரிடுபவர் என்பதால், உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராக இருக்கிறீர்களா என்று பாருங்கள். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு அதில் கல்வி உதவித்தொகை உண்டு. தொகை பெரிதன்று, எனினும் விட வேண்டியதில்லை.

வெளிமாநிலத்தில் படித்தவள்:
இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) ஒதுக்கீட்டில் வெளிமாநிலத்தில் இளநிலை படித்தவள் என்பதால் சொல்கிறேன். அந்த 2,000 ரூபாய் தேசியத் திறன் உதவித்தொகை. சொந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்தில் சேருவோருக்கு மட்டுமே உரியது. எங்கள் கல்லூரியில் அது மாதாமாதம் வந்ததில்லை; சில மாதத் தொகை சேர்ந்து ஒன்றாக வரும், அதுவரை விடுதி உணவுக் கட்டணத்தை அப்பாதான் கடன் வாங்கி அனுப்பினார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் வந்து போன ரயில் செலவைக் கழித்தால் மிஞ்சியது சொற்பம். இங்கே கலந்தாய்வில் இடம் கிடைத்தால் முதல் பட்டதாரிச் சலுகையை விட்டுவிட்டு அங்கே போக வேண்டாம் என்பதே என் கருத்து. முதுநிலைக்கு ஐ.சி.ஏ.ஆர். தேர்வை எழுதட்டும், அதில் தரவரிசையில் முன்னணியில் வரும் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கு மாதம் 12,640 ரூபாய் கிடைக்கும்.

கல்விக் கடன் யோசனை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ள குடும்பத்தினருக்கு 10 லட்சம் வரையான கடனுக்கு 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. ஆனால் வேறு அரசு உதவித்தொகைக்குத் தகுதி உடையவர்களுக்கு அந்த மானியம் இல்லை.

திருவாரூர் உழவர்:
மிக்க நன்றி. முதல் பட்டதாரிச் சான்றுக்குக் குடும்பத்தார் அனைவரின் பள்ளி மாற்றுச் சான்றிதழும் வேண்டும் என்கிறார்கள். என் தந்தை பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். என்ன செய்வது?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
என் தங்கை மகனுக்கு விண்ணப்பித்தபோது இதே சிக்கல் வந்தது. படிக்காதவர் என்பதைக் கூட்டு உறுதிமொழியில் எழுதிக் கையொப்பமிட்டோம். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துப் பரிந்துரைத்தார். இ-சேவை மையத்தில் இன்றே பதிந்துவிடுங்கள். பதியுமுன் மகளின் பெயரும் முன்னெழுத்தும் மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வெளிமாநிலத்தில் படித்தவள்:
வங்கிக் கணக்கையும் பாருங்கள், ஐயா. புதுமைப் பெண் பணம் ஆதாருடன் கடைசியாக இணைத்த கணக்கிற்கே போகும். என் தங்கைக்கு ஐந்து மாதமாகப் பணமே வரவில்லை என்று அலைந்தோம். கடைசியில் எட்டாம் வகுப்பில் உதவித்தொகைக்காகத் திறந்து மறந்துபோன கணக்கில் 5,000 ரூபாய் கிடந்தது.