ஃபைப்ராய்டா, அடினோமயோசிஸா: ஸ்கேனில் எப்படிப் பிரிப்பது?

ஸ்கேன் மாணவி:
வயது 42, இரண்டு பிரசவம். மாதவிடாயில் கட்டிகட்டியாகப் போகிறது, வலியும் அதிகம். டிரான்ஸ்வெஜைனல் (யோனி வழி) ஸ்கேனில் கர்ப்பப்பை உருண்டு பெருத்திருக்கிறது. பின்சுவர் 34 மி.மீ., முன்சுவர் 19 மி.மீ. பின்சுவரில் 4 செ.மீ. அளவில் கருமையான பகுதி, ஓரம் தெளிவாக இல்லை. ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசையில் வளரும் புற்றல்லாத கட்டி) என்று ரிப்போர்ட் போடலாமா?

சோனாலஜிஸ்ட்:
ஓரம் தெளிவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பாதி விடை அதில் இருக்கிறது. ஃபைப்ராய்டு சுற்றியுள்ள தசையை நெருக்கித் தள்ளியபடி வளரும். நெருங்கிய தசை பொய்யுறையாகச் சூழ்ந்து நிற்பதால் விளிம்பு பளிச்சென்று தெரியும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் ரத்தக்குழாய்கள் கட்டியைச் சுற்றி ஓடும். அடினோமயோசிஸில் கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வின் சுரப்பிகளே தசைக்குள் இறங்கியிருக்கும், எல்லை எங்கிருந்து வரும்? குழாய்களும் அந்தப் பகுதியை ஊடுருவிக்கொண்டு போகும். தசைக்குள் சிறு நீர்ப்பைகள், விசிறி போல விரியும் நிழல்கள், சவ்வுக்கு அடியில் வெள்ளைக் கோடுகள் இருக்கின்றனவா பாருங்கள். நீர்ப்பை தெரிந்தால் நான் அடினோமயோசிஸ் என்றே எழுதுவேன்.

தசை தற்காலிகமாகச் சுருங்கினாலும் சுவர் ஒரு பக்கம் தடித்துக் காட்டும். அரை மணி நேரம் கழித்து மறுபடி ஒருமுறை பாருங்கள். ஃபைப்ராய்டும் அடினோமயோசிஸும் சேர்ந்தே இருப்பதும் சகஜம்.

மகளிர்நல சர்ஜன்:
ஃபைப்ராய்டு என்றால் கட்டி இருக்கும் இடத்தைச் சொல்லும் ஃபிகோ வகை எண்ணையும் (0 முதல் 8 வரை) போட்டுக் கொடுங்கள். உள்ளறைக்குள் தொங்கும் 0 வகையை ஹிஸ்டரோஸ்கோப்பில் (யோனி வழியே கர்ப்பப்பைக்குள் விடும் கேமரா குழாய்) எடுத்துவிடலாம், வெளியே காம்போடு தொங்கும் 7க்கு லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை வழிச் சிகிச்சை). உறை இருப்பதால் மயோமா ஸ்க்ரூவில் (கட்டியில் திருகிப் பிடிக்கும் கருவி) பிடித்து இழுத்தால் கழன்று வரும். அடினோமயோசிஸில் அப்படிப் பிரித்தெடுக்கும் தளமே கிடைக்காது. வெட்ட வெட்ட நல்ல தசைதான் போகும். இந்த வயதில் சவ்வு பயாப்ஸி பார்த்துவிட்டு 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் காயில் (கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் வெளியிடும் சாதனம்) வைத்துப் பார்ப்பதே என் முதல் யோசனை.

ஸ்கேன் மாணவி:
நன்றி டாக்டர். சார்கோமாவை (கர்ப்பப்பைத் தசையில் வரும் புற்றுக்கட்டி) ஸ்கேனிலேயே பிடிக்க முடியுமா?

பேத்தாலஜிஸ்ட்:
உறுதியாக முடியாது. மாதவிடாய் நின்ற பிறகும் வளரும் ஒற்றைப் பெரிய கட்டி, உள்ளே ஒழுங்கற்ற அழுகல் பகுதி என்றால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். அத்தகைய கட்டியை வயிற்றுக்குள் வைத்துத் துண்டுபோடவே கூடாது. இப்படித் துண்டுபோடும் மார்சலேட்டர் கருவி பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014இல் எச்சரித்தது இதற்காகத்தான்.

வெட்டினால் ஃபைப்ராய்டு வெள்ளையாக, சுழல் சுழலாக, வெட்டுமுகத்திலிருந்து பிதுங்கி நிற்கும். சார்கோமா மெத்தென்று, மஞ்சள் சாம்பல் நிறத்தில், ரத்தக்கசிவோடு இருக்கும். சந்தேகம் என்றால் கட்டியின் ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு துண்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். வழக்கமான கதிர்செல் (இருமுனையும் கூர்ந்து நீண்ட செல்) வகையில், செல் உருக்குலைவு, 10 உயர் உருப்பெருக்கப் புலங்களில் 10 அல்லது அதற்கு மேல் செல்பிரிவு, கட்டிச் செல் அழுகல் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் சார்கோமா. அழுகலில்தான் பலர் ஏமாறுவார்கள். ரத்த ஓட்டம் குறைந்து வாடிய ஃபைப்ராய்டில் உயிருள்ள பகுதிக்கும் செத்த பகுதிக்கும் நடுவே ஆறும் திசு ஒரு பட்டையாக நிற்கும். சார்கோமாவில் அந்தப் பட்டை இராது, செத்த செல்லும் உயிருள்ள செல்லும் ஒட்டியே கிடக்கும்.