ஹாப்ஸ் கலப்பா, சேர்மானமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்திலிருந்து எழுதுகிறேன். கோடைக்கு வீட்டில் பியர் காய்ச்சும் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். அமெரிக்காவில் வீட்டுக் குடிக்குக் காய்ச்ச 1978லேயே கூட்டரசுச் சட்டம் இடம் கொடுத்துவிட்டது. பியருக்குக் கசப்பும் வாசமும் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. ஒரே பியரில் இரண்டு மூன்று ரக ஹாப்ஸ் போடுவதை ‘ஹாப்ஸ் கலப்பு’ என்றும், நொதித்து முடிந்தபின் பியரில் போட்டு வைப்பதை ‘உலர் ஹாப்பிங்’ என்றும் எழுதினேன். இரண்டுமே ஒட்டவில்லை. மாமா, நீங்களும் பார்த்துச் சொல்லுங்க.

மாப்பிள்ளைக்கும் குழுவில் எல்லாருக்கும் வணக்கமுங்க.

‘கலப்பு’ வேண்டாம். கேஸ்கேட் 1972ல் உங்க ஆரிகனில் வெளியிட்ட ரகம், இங்கிலாந்தின் ஃபகிள் என்ற ஹாப்ஸ் ரகத்தின் வழியில் வந்த கலப்பினம். அதையே இன்னொரு ரகத்தோடு சேர்த்துப் போட்டு ‘கேஸ்கேட் கலப்பு’ என்று எழுதினால், படிக்கிறவர் புதுச்செடி என்று நினைப்பார். போதாததற்கு, நம்மூரில் கலப்பு என்றதும் கலப்படம்தான் காதில் விழும்.

‘கலவை’ என்று ஒரு நண்பர் சொன்னார். பள்ளிப் பாடப்படி கலவையில் அதது அததாகவே இருக்கும். ஹாப்ஸ் அப்படி இருப்பதில்லை. ஒரு ரகத்தில் இருக்கிற ஜெரானியால் என்ற வாசனைப் பொருளை, நொதிக்க வைக்கிற ஈஸ்ட் எடுத்து சிட்ரொனெலால் என்ற வேறொன்றாக ஆக்கிவிடுகிறது. போட்டபோது இருந்த வாசம் வேறு, குடிக்கும்போது வருவது வேறு. அதனால் என் ஓட்டு ‘சேர்மானம்’. மருந்துக் கடையிலும் மசாலா அரைக்கிற வீட்டிலும் இன்னும் புழங்குகிற சொல். வேதியியலின் ‘சேர்மம்’ பக்கத்தில் நிற்பது உண்மை, ஆனால் ‘ஹாப்ஸ் சேர்மானம்’ என்று சேர்த்து எழுதும்போது குழப்பம் வராது.

ஆனால் அது பாதி வேலைதானுங்க. எந்த ரகம் என்பதோடு, எப்போது போடுவது என்பதற்கும் சொல் வேணும். கொதி தொடங்கும்போது போட்டு ஒரு மணி நேரம் வெந்தால் ஹாப்ஸில் இருக்கிற ஆல்பா அமிலம் உருமாறிக் கசப்பு இறங்கும், வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். அதே ஹாப்ஸை இறக்கும்போது போட்டால் வாசம் நிற்கும். ரசம் நுரை கட்டும்போது கொத்தமல்லித் தழை போட்டு இறக்குகிற கணக்குத்தான்.

கவுந்தப்பாடிப் பக்கம் எங்க அப்பாரு கரும்பாலை ஓட்டினார். கொப்பரையில் பாகு பொங்கி வரும்போது ஒரு துளி எடுத்துச் சொம்புத் தண்ணியில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டு நின்றால், “பதம் வந்திருச்சு, எறக்கு” என்பார். கடிகாரம் பார்த்ததே இல்லை. நேரம், சூடு, நிலை மூன்றையும் ‘பதம்’ என்ற ஒரே சொல் சுமக்கிறது. அதை விட்டுவிட்டு ‘கட்டம்’, ‘நிலை’ என்று எதற்குப் போகணும்?

முதலில் போடுவது கொதிபதம். அடுப்பை அணைக்கிறபோது இறக்குபதம். மூன்றாவதுதான் சிக்கல். ‘உலர்’ பொருந்தவே பொருந்தாது, ஹாப்ஸ் அங்கே நாள்கணக்கில் நனைந்து கிடக்கிறது. ‘ஊறல்’ சரியான சொல், ஆனால் சாராய ஊறல் அழிப்பு என்று பேப்பரில் படித்துப் படித்து அதற்குப் போலீஸ் வாடை ஏறிவிட்டது. உரிமமில்லாமல் காய்ச்சுவது குற்றமாக இருக்கிற ஊரில் அந்தச் சொல்லைத் தொட எனக்கு மனசில்லை. அதனால் ‘ஊறுபதம்’. ஊறுகாயில் இருக்கிற ஊறு, எல்லா வீட்டிலும் புழங்குவது.

போன கோடையில் நீங்க காய்ச்சியதை இப்படி எழுதிப் பாருங்க: “சேர்மானம் மூன்று ரகம். மேக்னம் கொதிபதத்தில், கேஸ்கேட் இறக்குபதத்தில், சிட்ரா ஊறுபதத்தில் நான்கு நாள்.” மேக்னத்தின் கசப்பு அடியில் நிற்க, கேஸ்கேடின் பம்ளிமாஸ் வாசமும் சிட்ராவின் மாம்பழ வாசமும் மேலே வரும் என்பதை அடுத்த வரியில் சேர்த்துக்கலாம்.

சிட்ராவை இரண்டாகப் பிரித்து, பாதியை இறக்குபதத்தில் போடுவதற்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. ‘பிரிபோடல்’ என்று எழுதி அடித்துவிட்டேன். யாருக்காவது தோன்றினால் எழுதுங்க.