2021: பாலாறு வந்த வருஷம்

விருதம்பட்டிலிருந்து:

எங்கம்மா தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சு எறிய மாட்டாங்க. பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, கைமாத்து கொடுத்தது வாங்கினது எல்லாம் அந்தத் தாளோட பின்பக்கம்தான். வருஷம் முடிஞ்சதும் சணல்ல கோத்துப் பரண்ல போட்டுடுவாங்க. போன வாரம் வெள்ளையடிக்கப் பரணை ஒழிச்சப்போ 2021 கட்டு கையில வந்து விழுந்தது. அப்படியே தரையில உட்கார்ந்து ஒவ்வொரு தாளா புரட்டினேன். அன்னைக்கு வேற வேலை ஓடல. நம்ம வேலூர் மாவட்டத்துக்காரங்க அந்த ஒரு வருஷத்துல பட்டதையும் பார்த்ததையும் எழுதணும்னு தோணுச்சு. முதல்ல நான் எழுதறேன்.

ஏப்ரல் 6 தாள்ல "ஓட்டு. கைக்கு பிளாஸ்டிக் உறை குடுத்தாங்க"ன்னு இருக்கு. மே 2 தாள் காலி, ஆனா எனக்கு ஞாபகம் இருக்கு. காட்பாடி தொகுதி எண்ணிக்கை இழுத்துக்கிட்டே போய், ஆயிரம் ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்துல துரைமுருகன் ஜெயிச்ச நாள் அது. அப்பா தட்டை மடியில வெச்சுக்கிட்டு டிவியை விட்டு நகரல. அன்னைக்கே தொண்டை கட்டியிருந்தது. வெயில்ல அலைஞ்சதுன்னு நினைச்சோம்.

மே 10-ல முழு ஊரடங்கு. மூணு நாள் கழிச்சு ராத்திரி அப்பாவுக்கு ஆக்சிஜன் 84-க்கு இறங்கிடுச்சு. ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல, ஆம்புலன்சுக்குள்ளயே ஆறு மணி நேரம் காத்திருந்தோம். எங்களுக்கு முன்னால ஏழு வண்டி நின்னது. ஒவ்வொரு தடவை அந்தக் கதவு திறக்கும்போதும் ஏழு வண்டியிலிருந்தும் தலை எட்டிப் பார்க்கும். 17-ந் தேதி தாள்ல அம்மா கையெழுத்துல "விடியக்காலம் 4.10"னு மட்டும் இருக்கு. அதுக்கப்புறம் பதினாறு நாள் பால் கணக்கே இல்ல.

பாலாத்தங்கரை சுடுகாட்டுலதான் எரிச்சோம். தூக்க நாலு பேர், தூரத்துல நான். ஆறுன்னு பேரே தவிர மணலும் சீமைக்கருவேலமும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சது. சின்ன வயசுல அந்த மணல்ல ஊத்து தோண்டி, கொட்டாங்குச்சியில மொண்டு மொண்டு குடத்தை நிரப்பின கதையை அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கார். "ஒருநாள் கரை புரண்டு வரும் பாரு"ம்பார். நான் சரி சரின்னு தலையாட்டுவேன்.

நவம்பர் 19, வெள்ளிக்கிழமை, கார்த்திகை தீபம். காலையில டிவியில வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறப் போறதா பிரதமர் அறிவிச்சுக்கிட்டிருந்தார். பெரிய செய்திதான், ஆனா எங்க தெருவுல டிவி முன்னால ஒருத்தரும் இல்ல. எல்லாரும் பாலத்துக்கு ஓடிட்டாங்க. கரைக்குக் கரை செம்மண் நிறத்துல தண்ணி. வேரோட ஒரு தென்னை மரம், நீல பிளாஸ்டிக் குடம், யார் வீட்டுதோ ஒரு கயித்துக் கட்டில். பக்கத்துல நிக்கிறவங்க பேசறது காதுல விழல. வாலாஜா அணைக்கட்டுல 1 லட்சம் கன அடிக்கு மேல போகுதுன்னாங்க. போலீஸ் விரட்ட விரட்ட ஜனம் திரும்பி வந்துக்கிட்டே இருந்தது. ஆறு மாசமா ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா ஒதுங்கிப் போன ஜனம், அன்னைக்குத் தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நின்னது.

அம்மா மஞ்சள், குங்குமம், ஒரு முழம் சாமந்தி, கற்பூரம் கொண்டு வந்திருந்தாங்க. காத்துல கற்பூரம் நிக்கல. பூவை மட்டும் விட்டாங்க. அப்பாவை எரிச்ச இடம் எதுன்னு கை காட்டச் சொன்னாங்க. எனக்குத் தெரியல. எல்லாமே தண்ணி.

அன்னைய தாள்ல "ஆறு வந்துடுச்சி. அவர் இல்ல"ன்னு எழுதியிருக்கு.

சத்துவாச்சாரியிலிருந்து, பள்ளி ஆசிரியை:

உங்கள் அப்பாவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை, அம்மா. நான் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த வருஷம் பிளஸ் டூ பொதுத்தேர்வே ரத்தானது. செப்டம்பர் 1-இல் பெரிய வகுப்புகள் திறந்தன, நவம்பர் 1-இல்தான் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை. எனக்கு இரண்டாம் வகுப்பு. அதில் பாதிப் பிள்ளைகள் அதுவரை பள்ளிக்கூடத்துக்குள் காலடியே வைக்காதவர்கள். ஒரு பெண் குழந்தை பெஞ்சில் உட்காராமல் தரையிலேயே சம்மணம் போட்டு, பலகையைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் போன் இருக்கும், அதில்தான் பாடம் வரும் என்று நினைத்திருக்கிறாள். சாக்பீஸை அவள் கையில் கொடுத்து 'அ' எழுதச் சொன்னேன். பலகையில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் சாக்பீஸை வைத்தாள்.

எண்ணிப் பத்து நாள்கூட சேர்ந்தாற்போல் வகுப்பு நடக்கவில்லை. மழை விடுமுறை வந்துவிட்டது.

நல்லதும் ஒன்று நடந்தது. மே மாதம் புது அரசு வந்ததும் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓடத் தொடங்கியதும் எங்கள் சத்துணவு ஆயா ஒருநாள் டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார். "டீச்சர், இதப் பாரு, காசு வாங்கல, ஆனா டிக்கெட் குடுக்கறாங்க." போக வர இருபது ரூபாய் மிச்சம். அந்தக் காசில் பேத்திக்குத் தினம் ஒரு முட்டை என்று அங்கேயே கணக்குப் போட்டார். இலவசம் என்று முகம் சுளிப்பவர்கள் அந்தக் கணக்கைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆரணிப் பக்கம், கூத்துக் கலைஞர்:

நான் இப்ப திருவண்ணாமலை மாவட்டம். ஆனா எங்க ஜமா, அதாவது கூத்துக் குழு, ஆடறதெல்லாம் பழைய வட ஆற்காடு பூராவும்தான், அதனால எழுதறேன். எங்களுக்கு வருஷம்னா பங்குனி தொட்டு ஆடி வரைக்கும். தர்மராஜா கோயில்ல பாரதம் வெப்பாங்க. பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி. 2020-ல ஒரு ஆட்டமும் இல்ல. 21-ல நடக்கும்னு நம்பி மாசியிலயே பதினோரு ஊருக்கு வெத்தலைபாக்கு மாத்திட்டோம். ஏப்ரல் 10-லிருந்து திருவிழா கூடாதுன்னு உத்தரவு வந்துடுச்சி. வாங்கின அட்வான்சை ஊர் ஊரா போய்த் திருப்பிக் குடுத்தோம். ஒரு ஊர்ல மட்டும் நாட்டாமை வாங்க மாட்டேன்னுட்டார். "சாமிக்குக் குடுத்தது, வெச்சுக்க"ன்னார். அந்த ஊர் மண்ணை மிதிக்கும்போதெல்லாம் கும்பிட்டுட்டுத்தான் போறேன்.

மத்தளக்காரர் செங்கல் சூளைக்குப் போனார். பெண் வேஷம் கட்டற பையன் ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டான், இன்னும் திரும்பல. நான் வீட்ல புஜக்கட்டை, கிரீடம் எல்லாத்தையும் எடுத்து, பூச்சி அரிக்காம இருக்க வெயில்ல காய வெச்சு, திரும்பக் கட்டி வெப்பேன். மாசம் ஒரு தடவை அதுதான் எனக்குக் கூத்து.

எங்க பக்கம் சாவு நடந்த வீட்ல கருமாதிக்குக் கர்ண மோட்சம் ஆடற வழக்கம் உண்டு. அந்த மே மாசம் எத்தனை சாவு! ஒரு வீட்டுலயும் ஆட முடியல. ஆவணியில ஒருத்தர் வந்தார். அவங்க அம்மா செத்து மூணு மாசம் ஆச்சு, கூட்டம் சேராம காரியம் முடிச்சதால மனசு ஆறலன்னார். ஐம்பது பேருக்குள்ள, வீட்டு வாசல்லயே ஆடினோம். ரெண்டு வருஷம் கழிச்சு மூஞ்சில அரிதாரம் பூசினப்போ தோல் எரிஞ்சது. கர்ணன் சாகறப்போ குந்தி வந்து மடியில போட்டுக்கிட்டு அழற கட்டம். பொதுவா அங்க பொம்பளைங்க அழுவாங்க. அன்னைக்கு அந்த ஆள், அறுபது வயசு இருக்கும், எழுந்து வந்து என் காலண்டை உட்கார்ந்துக்கிட்டார். நான் பாட்டை நிறுத்தல. நிறுத்தக் கூடாது. முகவீணைக்காரர் மட்டும் ஒரு அடி தவறினார்.

குடியாத்தத்திலிருந்து:

நான் பீடி சுத்தறவ. எங்க ஊருக்கு வருஷம்னா வைகாசி ஒண்ணு, கெங்கையம்மன் சிரசு. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயில்லேருந்து அம்மன் தலை கிளம்பி, ஊரெல்லாம் சுத்தி, கோபாலபுரத்துல உடம்போட சேர்ந்து கண் திறக்கும். வெளியூர்ல கட்டிக் குடுத்த பொண்ணுங்க பொங்கலுக்கு வராட்டியும் சிரசுக்கு வந்துடுவாங்க. 21-ல அன்னைக்கு ஊரடங்கு. ரோட்டுல நாயைத் தவிர யாரும் இல்ல. சிரசு வர்ற வழியிலதான் எங்க வீடு. எங்க மாமியார் வழக்கம்போல வாசல் தெளிச்சு, கோலம் போட்டு, தேங்காயும் வெத்தலைபாக்கும் தட்டுல வெச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் திண்ணையிலயே உட்கார்ந்திருந்தாங்க. வராதுன்னு அவங்களுக்கும் தெரியும். கடைசில தெருவைப் பார்த்தே தேங்காய் உடைச்சாங்க.

நவம்பர்ல மோர்தானா அணை நிரம்பி கவுண்டன்ய ஆத்துல வெள்ளம். தரைப்பாலம் முங்கிடுச்சு. ஆத்தோரத்து வீட்டு ஜனம் சாமான் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துல வந்து தங்குச்சு. எங்க வீட்டுக்குள்ள கணுக்கால் அளவு தண்ணி. பீடி இலைக் கட்டு ரெண்டு, தூள் ஒரு பை நனைஞ்சு போச்சு. வெள்ளத்துல போனதுன்னு சொல்லியும் ஏஜென்ட் அதுக்குண்டான காசைக் கூலியில பிடிச்சுக்கிட்டார். நாலு வாரம் பாதிக் கூலி. அதை நான் மறக்கல.

பேரணாம்பட்டிலிருந்து:

எல்லாரும் 19-ந் தேதியைப் பத்தி சொல்றீங்க. எங்க ஊர்ல அன்னைக்கு விடியறதுக்குள்ள ஒரு வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டு மேல சாய்ஞ்சு ஒன்பது பேர் செத்துட்டாங்க. நாலு பேர் குழந்தைங்க. மழைக்குப் பயந்து ஒரே இடத்துல படுத்திருந்தவங்க. நான் இடிபாடு தூக்கப் போனேன். அதுக்கு மேல எழுத விருப்பமில்ல.

பத்தே நாள். 29-ந் தேதி விடியக்காலம் நாலே காலுக்கு நிலம் ஆடுச்சு, 3.6 ரிக்டர்னு அப்புறம் சொன்னாங்க. எங்கம்மா தூக்கத்துலேருந்து எழுந்து முதல்ல சுவரைத்தான் கையால அழுத்திப் பிடிச்சாங்க.

தோட்டப்பாளையத்திலிருந்து, ஓய்வுபெற்றவர்:

பேரணாம்பட்டுத் தம்பிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த வாரம் வேலூர்க் கோட்டைக்குள் நான் பார்த்ததைப் பதிவு செய்துவிடுகிறேன்.

1981 மார்ச் 16 அன்று சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக் கோயிலில் வைத்தபோது எனக்குப் பதினேழு வயது. பல நூறு வருஷம் மூலவர் இல்லாமல் வௌவால் பறந்த கோயில் அது. அன்று கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனேன். ஜலகண்டேஸ்வரர், தண்ணீருக்குள் இருக்கிற ஈஸ்வரர் என்று ஐயர் சொன்னார். பேருக்குத்தான் என்று அன்று நினைத்துக்கொண்டேன். நாற்பது வருஷம் கழித்து, 2021 நவம்பரில், அகழி நிரம்பிக் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்து கருவறை வரை நின்றது. மோட்டார் வைத்து இறைக்க இறைக்க ஊறியது. கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாயும் யாளிகளும் குதிரைகளும் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தன. முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். பாசி வழுக்கியது. முன்பின் தெரியாத ஒரு முஸ்லிம் இளைஞர் என் கையைப் பிடித்து, "பார்த்து, தாத்தா" என்று படிவரை கொண்டுவந்து விட்டார். அவரும் தண்ணீரைப் பார்க்கத்தான் வந்திருந்தார்.

வெள்ளத்தைக் கண்டு ஊரே குதூகலித்தது எனக்கு உறுத்தலாகவும் இருந்தது. 1903 நவம்பரில் இதே பாலாறுதான் வாணியம்பாடியில் ஊரையே வாரிக்கொண்டு போனது. அதற்கு அங்கே நினைவுத் தூண் உண்டு. நூறு வருஷம் காயவிட்டு, மணலை அள்ளி, தோல் கழிவை விட்டு, கரையில் வீடு கட்டிய பிறகு ஆறு வந்தால் எந்த வழியாகப் போகும்?

காட்பாடியிலிருந்து:

எனக்கு ரயில்தான். சென்னைக்குத் தினம் போய் வர்ற சீசன் டிக்கெட்காரன். ஊரடங்குல கடையில ஆள் குறைச்சு, திரும்பக் கூப்பிட்டதே அக்டோபர்ல. டிசம்பர் கடைசியில திருவலம், முகுந்தராயபுரம் நடுவுல பொன்னை ஆத்துப் பாலம் வெள்ளத்துல பழுதாகி வண்டியெல்லாம் ரத்து. பஸ்ஸுல போனேன். நாலு நாள் சம்பளம் டிக்கெட்டுக்கே போச்சு.

விருதம்பட்டிலிருந்து, மறுபடியும்:

எல்லாத்தையும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். குடியாத்தத்து மாமியார் திண்ணையில உட்கார்ந்திருந்த இடத்துல கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. பேரணாம்பட்டு வந்ததும் போதும்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே, "அந்தக் கூத்துக்காரர் எழுதினதை இன்னொரு தடவை படி"ன்னாங்க. படிச்சேன்.

ஆரணி அண்ணா, உங்க ஜமாவுக்கு ஒரு ராத்திரிக்கு என்ன குடுக்கணும்னு அம்மா கேக்கச் சொன்னாங்க. அப்பாவுக்குக் கர்ண மோட்சம் வெக்கணுமாம். நாலஞ்சு வருஷம் ஆயிட்டா வெக்கலாமா, திதி அன்னைக்குத்தான் வெக்கணுமான்னும் கேக்கறாங்க. எங்க தெரு முனையில, ஆத்தைப் பார்த்த மாதிரி ஒரு காலி மனை இருக்கு. முப்பது, நாப்பது பேர் உட்காரலாம். கரண்டுக்குப் பக்கத்து வீட்டுல கேட்டாச்சு.