குரோம் தோலில் காசு பார்த்த அமெரிக்கர் யார்?

பேரணாம்பட்டு மாணவன்: குரோம் உப்பால் தோலைப் பதனிடுற முறைக்கு 1884ல் காப்புரிமை வாங்கினவர் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ். பணம் அள்ளினது ராபர்ட் ஃபோர்டரர்னு சொல்றாங்களே, ஏன்?

ராணிப்பேட்டை டிரம் ஆள்: ஷுல்ட்ஸ் நியூயார்க் சாய வேதியியல்காரர், டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஆள் இல்லை தம்பி. முதல் தொட்டியில் டைகுரோமேட்டும் அமிலமும், அடுத்ததில் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்). தோல் அழுகாது, ஆனா காய்ஞ்சா விறைச்சுக்கும். பிலடெல்பியா ஃபோர்டரர் சோப்பையும் எண்ணெயையும் பாலாக்கி ஏத்தி ஆட்டுத்தோலை மெத்துன்னு ஆக்கினார். 'விசி கிட்'னு பேர் வச்சு வித்தார். பாதி வியாபாரம் அந்தப் பேர்லதான்.

ஆம்பூர் சூப்பர்வைசர்: மார்ட்டின் டென்னிஸை விட்டுட்டீங்களே அண்ணே! 1893ல் வந்த அவரோட ஒத்தைத் தொட்டி முறையோட வாரிசுதான் இன்னிக்கு நம்ம டிரம்ல (தோலைப் போட்டுச் சுத்துற பீப்பாய்) ஓடுது. குரோமைத் தோலில் பிடிக்க வைக்கப் போடுற சோடா உப்பை ஒரேயடியா கொட்டினா குரோம் மேலேயே படிஞ்சு நடுவில் வெள்ளைக் கோடு நிக்கும். மூணு தவணையா போடுங்க. பி.எச். (அமிலத்தன்மை அளவு) 3.8 வந்ததும் தோலில் ஒரு துண்டு வெட்டி 2 நிமிஷம் கொதிநீரில் போட்டு, சுருங்கலைன்னா இறக்கலாம்.