பாம்புக்கு எந்த அளவுத் தொட்டி வாங்குவது? அவசரம்

பேஸ்மென்ட்வாசி · ஞாயிறு இரவு 11.52
வணக்கம். பாம்புக்குப் புதிய கண்ணாடித் தொட்டி வாங்க வேண்டும். இப்போது இருப்பது காணாது போல இருக்கிறது. இரவு முழுக்க மூக்கால் கண்ணாடியைத் தேய்க்கிறது, சாப்பாடும் எடுக்கவில்லை. 40 கேலன் போதுமா, 75 வாங்கவா? நாளையோடு கடையில் மலிவு விற்பனை முடிகிறது. கெதியாகச் சொல்லுங்கோ.

கோலாலம்பூர்க்காக்கை · 12.07
எந்தப் பாம்பு, என்ன வயது, எத்தனை அடி, எந்த ஊர்? இதெல்லாம் தெரியாமல் அளவு சொல்வது காலைப் பார்க்காமல் செருப்பு தைப்பது மாதிரி.

மண்சட்டி · 12.15
எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை? கண் வெளுத்திருக்கிறதா? சட்டை உரிக்கும் முன் நிறைய பாம்புகள் எதையும் தொடாது.

சாரை77 · 12.31
மேலே ஒட்டி வைத்திருக்கும் பதிவை ஒருவரும் வாசிப்பதில்லை. இனம், எடை, சூட்டுப்பக்க வெப்பம், குளிர்ப்பக்க வெப்பம், ஈரப்பதம், படம். ஆறு விஷயம் கேட்டிருக்கிறோம், தம்பி ஒன்றுகூடத் தரவில்லை. பாம்பு வீட்டுக்கு வருவதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய யோசனை இது. நான் 18 வருடமாக வளர்க்கிறேன், ஒருநாளும் "அவசரம்" என்று எழுதியதில்லை.

பேஸ்மென்ட்வாசி · 12.40
மன்னிக்கவும். பால் பைத்தான், பெண், ஒரு வயது, இரண்டரை அடி வரும். நண்பன் வீடு மாறும்போது தந்துவிட்டுப் போனான். ஐந்து கிழமையாக எலி எடுக்கவில்லை. கண் தெளிவாகத்தான் இருக்கிறது. நான் டொரொன்டோவில், ஸ்காபரோ பக்கம்.

அரசமரத்தடி · 12.44
பால் பைத்தானா? அப்போ பாலை வைத்துப் பாருங்கள் :)

ஈரப்பதம் · 12.58
புற்றில் ஊற்றினாலும் சரி, கிண்ணத்தில் வைத்தாலும் சரி, பால் பாம்புக்கு உணவு இல்லை. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், அதனால் வந்த பெயர்.

பேஸ்மென்ட்வாசி, இப்போது இருக்கும் தொட்டியின் மூடி என்ன மாதிரி? சூடு எதிலிருந்து வருகிறது? ஈரமானி இருக்கிறதா? ஒளிய இடம் எத்தனை? நானும் உங்கள் பக்கம்தான், மிசிசாகா. வெளியே −15 என்றால் உங்கள் பேஸ்மென்டில் என்ன நடக்கிறது என்று ஊகிக்க முடிகிறது.

பேஸ்மென்ட்வாசி · 1.06
20 கேலன் மீன்தொட்டி. கம்பிவலை மூடி. அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் மின்விரிப்பு), நேரே சுவரில் செருகியிருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானி 27 காட்டுகிறது. ஈரம் 24 வீதம். ஒளிய ஒரு பிளாஸ்டிக் மரக்கட்டை.

ஈரப்பதம் · 1.35
24! அதுதான் விஷயம்.

மீன்தொட்டி தண்ணீரைப் பிடித்து வைக்கச் செய்தது, சூட்டையும் ஈரத்தையும் அல்ல. சூடாக்கும் ஃபர்னஸ் ஓடும் வீட்டில் குளிர்காலக் காற்று ஏற்கெனவே வறண்டது. கம்பிவலை வழியாக மிச்ச ஈரமும் மேலே போய்விடும். இந்தப் பாம்பு மேற்கு ஆப்பிரிக்காவில், கானா, டோகோ, பெனின் பக்கம், எலி வளையிலும் கறையான் புற்றிலும் பகலைக் கழிப்பது. புற்றுக்குள் இருட்டும் ஈரமும் இருக்கும், உடம்பை மூன்று பக்கமும் மண் தொடும். உங்கள் தொட்டியில் நான்கு பக்கமும் வெளிச்சம். மூக்கைத் தேய்ப்பது இடம் பத்தாமல் மட்டும் இருக்காது.

அதனால் 75 கேலன் கண்ணாடி வாங்கினால் இதே பிரச்சினையைப் பெரிதாக வாங்குகிறீர்கள். பி.வி.சி. பெட்டி பாருங்கள், 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், முன்பக்கம் தள்ளுகதவு. பெண் பாம்பு நான்கு, ஐந்து அடி வரை வளரும், இது கடைசி வரைக்கும் போதும். முன்கதவு ஏன் என்றால், மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து மாதிரி. ஒரு பக்கம் 31–33 பாகை, மறுபக்கம் 25–27, ஈரம் 60க்குக் குறையக் கூடாது. கீழே தேங்காய்ச் சிரட்டைத் துண்டு அல்ல, தேங்காய் மட்டைத் தூள், நான்கு விரல் தடிப்பு. தேவதாரு மரச்சீவல் வேண்டவே வேண்டாம்.

இன்றிரவுக்கு: வலை மூடியின் முக்கால் பங்கை அலுமினியத் தாளால் மூடுங்கள். ஒட்டுநாடா ஒட்டினால் வெளிப்பக்கம் மட்டும். உள்ளே ஒட்டிய நாடாவில் பாம்பு மாட்டினால் தோல் உரிந்து வந்துவிடும். ஹீட் மேட்டை உடனே கழற்றுங்கள், அல்லது சூடு கூடினால் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் போடுங்கள். சுவரில் நேரே செருகிய மேட் அடிக்கண்ணாடியை வயிறு வேகும் அளவுக்குச் சூடாக்கும். பக்கக் கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானிக்கு அது தெரியவே தெரியாது.

தச்சன் · காலை 7.20
பி.வி.சி. பெட்டிக்குக் கொடுக்கும் காசில் மெலமைன் பூசிய மரத்தூள் பலகையில் இரண்டு பெட்டி அடிக்கலாம். மூட்டுகளை மீன்தொட்டி சிலிக்கோனால் அடைத்து, வாடை முழுக்கப் போகும்வரை காயவிட வேண்டும். நான் மூன்று அடித்திருக்கிறேன். ஒன்று ஊதிப்போனது, அது என் பிழை, தண்ணீர்க் கிண்ணத்தை மூலையில் வைத்துவிட்டேன்.

சாரை77 · 7.48
நான்கு அடிப் பெட்டியில் இரண்டரை அடிக் குட்டியா? பயந்து செத்தே போகும். என்னிடம் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக் டப்பாவில்தான், எல்லாம் கொழுகொழு. ஈரம் நிற்கும், கழுவுவது சுலபம். இணையத்தில் இரண்டு காணொளி பார்த்தவர்களுக்கு இது புரியாது.

ஈரப்பதம் · 8.15
அண்ணா, பயம் இடத்தால் வருவதில்லை, வெறுமையால் வருகிறது. இரண்டு பக்கமும் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் ஒளிவிடம், நடுவில் இலை, கட்டை என்று நிரப்பினால் குட்டியும் நான்கு அடியில் உலாவும். டப்பாவில் உயிரோடு இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. நீட்டிப் படுக்க முடியாதே.

மண்சட்டி · 8.40
டப்பாவும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்ப் பாருங்கள். 1978இல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன் எல்லாம் மண்பானைக்குள், பானை வாயில் துணி கட்டி. தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு வாழ்ந்தவர்கள் பானையைத்தான் எடுத்தார்கள் என்றால் காரணம் இருக்கும்.

கோலாலம்பூர்க்காக்கை · 9.02
சரி, ஆனால் அவர்கள் விஷம் எடுக்கச் சில வாரம் வைத்திருந்துவிட்டுக் காட்டில் விடுகிறார்கள். இது முப்பது வருடம் வாழக்கூடிய பாம்பு. விருந்தினர் அறையையும் வீட்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

மண்சட்டி · 9.10
பெட்டிக்குள் பானையைக் கவிழ்த்து வைக்கலாமே! ஓரத்தில் பாம்பு நுழைய ஒரு வழி உடைத்துவிட்டால், புற்று மாதிரியே இருக்கும்.

ஈரப்பதம் · 9.14
அதை ஒப்புக்கொள்கிறேன், நல்ல யோசனை. பூச்சட்டி என்றால் அடியில் உள்ள சின்ன ஓட்டையை அடைக்க வேண்டும், அல்லது நன்றாகப் பெரிதாக்க வேண்டும். தலையை விட்டு நடுவுடம்பில் சிக்கிக்கொள்ளும் பாம்புகள் உண்டு. உடைத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

சட்டம்தெரிந்தவன் · 10.30
பாம்பு வளர்ப்பது குற்றம் என்று யாருமே சொல்லவில்லையே? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே போக வேண்டியிருக்கும்.

கோலாலம்பூர்க்காக்கை · 10.41
அவர் கனடாவில் இருக்கிறார் ஐயா.

சட்டம்தெரிந்தவன் · 10.52
இதைச் சென்னையில் உட்கார்ந்து படிப்பவர்களும் இருக்கிறார்கள். சாரை, நல்லபாம்பு, மண்ணுளி எதையும் வீட்டில் வைக்க முடியாது. இந்த ஆப்பிரிக்கப் பாம்பு, அருகிவரும் உயிரின வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் உள்ளது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட உயிரினம் வைத்திருந்தால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

சாரை77 · 11.05
சட்டம் பேச வேறு இழை இருக்கிறது.

அரசமரத்தடி · 11.09
சாரை வளர்க்கக் கூடாதாம், 77 அண்ணன் கவனம் :)

சாரை77 · 11.12
அது பெயர் மட்டும்தான்.

தச்சன் · 11.40
டொரொன்டோவில் வளர்ந்தபின் 3 மீட்டரைத் தாண்டும் பாம்பினங்களுக்கும் விஷப் பாம்புகளுக்கும்தான் தடை. இதற்குச் சிக்கல் இல்லை. மாநகராட்சியைவிட வீட்டுக்காரரைக் கேட்பதுதான் முக்கியம், பேஸ்மென்ட் என்கிறாரே. அப்புறம், எந்தப் பெட்டி ஆனாலும் பூட்டு. பாம்பு மூடியை மூக்கால் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் நீங்கள் மறப்பீர்கள்.

கோலாலம்பூர்க்காக்கை · மாலை 6.25
ஐந்து கிழமை பட்டினி பற்றி யாரும் சொல்லவில்லை. குளிர்காலத்தில் இந்த இனம் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது உண்டு. சமையலறைத் தராசில் கிழமைக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்காவிட்டால் பதற வேண்டாம். இறங்கினால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். கடைசியில் எதை வாங்கினீர்கள்?

ஈரப்பதம் · வியாழன்
பேஸ்மென்ட்வாசி?

பேஸ்மென்ட்வாசி · அடுத்த செவ்வாய்
நான்கு அடிப் பெட்டி வாங்கினேன், முன்கதவு. மலிவு விற்பனை முடிந்துவிட்டது. ஈரம் 66. நேற்றிரவு எலி எடுத்தது. பூச்சட்டிக்குள்தான் படுக்கிறது. எல்லாருக்கும் நன்றி. மற்ற ஒளிவிடத்துக்கு இன்னொரு சட்டி வாங்கப் போகிறேன்.

மண்சட்டி · செவ்வாய்
பானை வென்றது.

சாரை77 · செவ்வாய்
எடை போடவில்லை, படம் போடவில்லை.

ஈரப்பதம் · செவ்வாய்
சந்தோஷம். இரண்டு நாள் கையில் தூக்காதீர்கள், எலி செரிக்கட்டும். அந்தப் பழைய ஹீட் மேட்டைத்தான் புதிய பெட்டிக்கும் போட்டிருக்கிறீர்களா? தெர்மோஸ்டாட் வாங்கினீர்களா? சட்டி ஓட்டை?

ஈரப்பதம் · ஞாயிறு
தம்பி, தெர்மோஸ்டாட்?