ஸ்ட்ராண்ட்பீஸ்ட் மாடல்: சுற்றில் ஓரிடத்தில் இறுகுகிறது, நடக்காமல் குதிக்கிறது

பைப்புக்குதிரை:
நெதர்லாந்துக் கடற்கரையில் தியோ யான்சன் காற்றில் நடக்கவிடும் ஸ்ட்ராண்ட்பீஸ்ட் (பல கால் வச்ச பைப் உருவம்) மாதிரி ஒரு சின்ன மாடல். கால் பட்டைகளுக்கு அவர் தந்த அளவுகளை இரண்டால் பெருக்கி மி.மீ. ஆக்கி, 3 மி.மீ. ப்ளைவுட்டில் பட்டைகள். கிராங்க் (சுற்றி கால்களை அசைக்கும் வளைந்த அச்சு) ஆரம் 30 மி.மீ., கம்பியை வளைத்தது. பக்கத்துக்கு 2 ஜோடிக் கால், கிராங்க் சுற்றில் ஒன்றுக்கொன்று 180 டிகிரி தள்ளி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகுது. தரையில் விட்டா குதிக்குது. எங்கே கோளாறு?

மரத்தூள்:
ரெண்டும் வேற வேற கோளாறுங்க. முதல்ல இறுகுறதைப் பாருங்க. கால் எல்லாத்தையும் கழட்டிட்டு கிராங்கை மட்டும் விரலால சுத்துங்க. அப்பவும் இறுகினா, தாங்கியில் உட்காரும் கம்பித் துண்டுகள் ஒரே கோட்டில் இல்லை. வளைச்ச கம்பியில் இது வாடிக்கை. வட்டத்தட்டும் போல்ட்டும் வச்சு கிராங்க் பண்றது மேல். கிராங்க் லேசா சுத்தினா, ஒவ்வொரு காலா மாட்டிச் சுத்துங்க, குற்றவாளி தானா சிக்கும்.

அளவுங்கிறது துளை மையத்திலிருந்து துளை மையம், பட்டை நீளம் இல்லை. ஒரே அளவுப் பட்டைகளை அடுக்கி, கிளாம்ப் போட்டு, 3.2 மி.மீ. டிரில் பிட்டில் சேர்த்துத் துளையிடுங்க. 3 மி.மீ. போல்ட், பட்டைக்கு நடுவே நைலான் வாஷர். லாக் நட்டை (தானா கழலாத நட்) இறுக்கிட்டு கால்வாசிச் சுற்று தளர்த்துங்க. ரொம்பத் தளர்ந்தா பாதம் பக்கவாட்டில் ஆடும்.

எட்டாம்நம்பர் ஸ்பேனர்:
குதிக்கிறதுக்குக் காரணம் 180 டிகிரி. ஒரு பாதம் தூக்கும்போது அடுத்தது இன்னும் ஊன்றியிருக்காது, உடம்பு அந்த இடைவெளியில் விழுது. பக்கத்துக்கு 3 ஜோடி, 120 டிகிரி. ஆக 12 கால். குறுக்குவழி கிடையாது.

இன்னொண்ணு: நிலையான இடுப்பு முளை (கால் பட்டைகள் உடம்பில் மாட்டும் அசையாத முளை) கிராங்க் மையத்திலிருந்து 76 மி.மீ. தள்ளி, 15.6 மி.மீ. கீழே இருக்கணும். ரெண்டையும் ஒரே மட்டத்தில் வச்சா பாதத்தின் பாதையே ஏறக்குறைய 12 டிகிரி சாயும். தட்டையா இருக்கவேண்டிய அடிக்கோடு சரிவாகிடும், எத்தனை கால் வச்சாலும் நொண்டும்.

மரத்தூள்:
சரியாச் சொன்னார். அச்சு ஏறி இறங்காம நேரா போறதாலதான் அது உயிருள்ளதா தெரியுது. மோட்டார் போட்டா 20 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 20 சுற்று) போதும். 60 வச்சா வெறும் பொம்மை. காற்று கூடிக் குறையும்போது நடையும் மாறுமே, அதுக்காக வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்க. டைல்ஸ் தரைன்னா பாதத்தில் மெல்லிய ரப்பர் ஒட்டுங்க.