நாடகக் குழுவுக்குப் பணம் தந்தவர்களுக்கு நன்றி சொல்வது: பொன்னாடை போதவில்லை, வேறென்ன செய்யலாம்?

குடமுருட்டிக்கரை கேட்டது:

திருவையாறு வட்டாரத்தில் இயங்கும் நாடகக் குழு. அறக்கட்டளையாகப் பதிவு செய்து, 12ஏ (அறக்கட்டளை வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (பணம் தந்தவருக்கு வரிக்கழிவு) இரண்டும் வாங்கியாச்சு. நடிகர், வாத்தியம், ஒளி, ஒலி எல்லாம் சேர்த்து 18 பேர். வருஷத்துக்கு ஒரு புது நாடகம், தை தொடங்கி ஆடி வரை ஊர் ஊராகப் பதினைந்து காட்சி. சுமார் 110 பேர் பணம் தருகிறார்கள். 500 ரூபாய் தரும் ஓய்வுபெற்ற வாத்தியாரும் உண்டு, 50,000 தரும் ரைஸ்மில்காரரும் உண்டு.

முதல் வருஷம் தந்தவர்களில் பாதிப் பேர் மறு வருஷம் தருவதில்லை. கோபமெல்லாம் கிடையாது. போய்க் கேட்டால், "நாடகம் போட்டீங்களா, தெரியவே இல்லையே" என்கிறார்கள். இப்போது நாங்கள் செய்வது மூன்று: நாடகத்துக்கு முன் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை, வாட்ஸ்அப் குழுவில் நன்றிப் படம், நோட்டீஸில் பெயர். இதில் எது தப்பு? எதை, எந்த மாதத்தில், யார் செய்யணும்? வருஷச் செலவு 10,000 ரூபாய்க்குள் அடங்கணும்.

---

மொய்நோட்டு:

"தெரியவே இல்லையே" என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாத மொய் விருந்தைப் பாருங்கள். பந்தலில் உட்கார்ந்து எழுதுபவர் ஊர், தகப்பனார் பெயர், தொகை மூன்றையும் கொடுத்தவர் கண்ணெதிரே எழுதுகிறார். கொடுத்தவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். பணம் போய்ச் சேர்ந்தது, கணக்கில் ஏறியது என்ற நிம்மதி அது. நாடகத்துக்குத் தருபவருக்குத் திரும்பி வராத மொய் இது. அந்த நிம்மதியாவது கிடைக்க வேண்டாமா?

முதலில் ஒரு நோட்டு, இல்லையென்றால் எக்செல் தாள். பெயர் (அவர் எழுதும் இனிஷியலோடு), தகப்பனார் பெயர், ஊர், தெரு, போன், பான் எண், தொகை, தேதி, பணம் வந்த வழி, யார் நினைவாக, கூட்டிவந்தவர் யார், கடைசியாகப் பேசியது யார், என்றைக்கு. இதில் "கூட்டிவந்தவர்" என்ற கட்டம்தான் உயிர். 110 பேருக்கும் செயலாளர் ஒருவரே போன் செய்ய முடியாது. 18 பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஆறு பேர். கூட்டிவந்தவரே பேசினால் பேச்சு இயல்பாக இருக்கும்.

காலம் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பணம் வந்த இரண்டு நாளுக்குள் போன், ஒரு நிமிஷம் போதும். ஒரு வாரத்தில் ரசீதோடு கையெழுத்துக் கடிதம். அவர் ஊருக்குப் பக்கத்தில் காட்சி நடக்கிறதென்றால் மூன்று வாரம் முன்பே அழைப்பு, முந்தின நாள் மறுபடி போன். ஆடியில் கடைசிக் காட்சி முடிந்ததும் ஒரு பக்கக் கணக்கு. பொங்கலுக்கு வாழ்த்து, அதில் பணப் பேச்சு கூடவே கூடாது. மாசியில்தான் அடுத்த வருஷத்துக்குக் கேட்பது.

ஏன் மாசி? சம்பா, தாளடி அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும் சமயம். ஜூனில் மேட்டூர் திறந்து குறுவைச் செலவும் பள்ளிக்கூடக் கட்டணமும் சேர்ந்து நிற்கும்போது கேட்டால் பாதித் தொகை, முழு முணுமுணுப்பு. ஐப்பசி, கார்த்திகையில் வயலில் தண்ணீர் நிற்கும். அப்போது வாயே திறக்கக் கூடாது.

அந்த ஒரு பக்கக் கணக்கில் என்ன போடணும்? மொத்த வரவு. செலவு ஆறே வரி: ஒளி-ஒலி வாடகை, வேன், சாப்பாடு, ஒப்பனை-உடை, நடிகர் ஊதியம், அச்சு. எந்தெந்த ஊரில் எந்தத் தேதியில் காட்சி. மழையால் நின்றுபோன காட்சி இருந்தால் அதையும் எழுதுங்கள். மறைத்த கணக்கு வேறு வழியாகக் காதுக்கு வந்தால் அத்தோடு போச்சு. ஒரு புகைப்படம், அதுவும் மேடைப் படம் வேண்டாம், பார்வையாளர் படம். தன் ஊர்க்காரர் முகம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பார்கள். "உங்கள் 2,000 ரூபாயில்தான் கிரீடம் செய்தோம்" என்று பத்துப் பேருக்கு ஒரே கிரீடத்தைக் காட்டாதீர்கள். டெல்டாவில் பத்துப் பேரும் ஒரே கல்யாணத்தில் சந்திப்பார்கள்.

தாள், உறை, தபால்தலை எல்லாம் ஒரு கடிதத்துக்குப் பத்து ரூபாய்க்குள் முடியும். வருஷத்துக்கு மூன்று கடிதம் என்றால் 3,300.

---

பேரேடு:

மேலே சொன்னதில் ரசீது என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டார். அதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். நான் சொல்வது பழகிய பழைய எண்கள். 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண், படிவ எண் மாறும். ஆடிட்டரிடம் புது எண் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் ரசீது கொடுத்தால் தந்தவருக்கு 80ஜி கழிவு கிடைக்காது. நிதியாண்டு முடிந்து மே 31க்குள் நீங்கள் 10பிடி அறிக்கை (யார் எவ்வளவு தந்தார் என்ற பட்டியல்) தாக்கல் செய்து, அதிலிருந்து 10பிஇ சான்றிதழ் எடுத்துத் தரணும். தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். அந்த அறிக்கைக்கு ஒவ்வொருவரின் பான் அல்லது ஆதார் எண் வேண்டும். மே மாதக் கடைசியில் 110 பேருக்குப் போன் போட்டு "பான் நம்பர் சொல்லுங்க" என்றால், நன்றி சொல்லாமல் வருஷம் முழுக்க இருந்தவன் இப்போது ஏன் கூப்பிடுகிறான் என்றுதான் நினைப்பார்கள். பணம் வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள். சான்றிதழையும் அதே மே 31க்குள் அனுப்பிவிடுங்கள்.

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கழிவு இல்லை. 5,000 ரூபாயைக் கையில் நீட்டுபவரிடம் அப்போதே சொல்லிவிடணும், பிறகு சொன்னால் மனஸ்தாபம். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு 80ஜி பயனே இல்லை. சம்பளக்காரர் பலர் இப்போது அதில்தான். "வரிச்சலுகை உண்டு" என்று நோட்டீஸில் பெரிதாகப் போட்டு வாங்கிவிட்டு, ஜூலையில் அவர் ஏமாறுவது நமக்குக் கெட்ட பெயர். "பழைய வரிமுறையில் இருப்போருக்கு" என்று சேர்த்து அச்சடியுங்கள்.

க்யூஆர் அட்டை வைத்து வாங்குவதிலும் ஒரு ஓட்டை உண்டு. யூபிஐயில் வந்த பணத்துக்குப் பெயர் அரைகுறையாக இருக்கும், ஊர் இருக்காது. அட்டைக்குப் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக ஒருவரை உட்காரவையுங்கள். பெயர், ஊர், போன், 12 இலக்கப் பரிவர்த்தனை எண் எழுதட்டும். உண்டியல் வைத்தால் பெயர் தெரியாத பணம் சேரும். அது மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால் மிச்சத்துக்கு 30 சதவீத வரி. சிறு குழுவுக்கு அந்த வரம்பு எட்டாது என்றாலும், பெயர் தெரியாதவருக்கு நன்றி சொல்ல வழியில்லையே!

---

படுதா:

பொன்னாடைக்கு வருகிறேன். பெயர் வாசித்து, அவர் எழுந்து படியேறி, போர்த்தி, போட்டோவுக்கு நின்று இறங்க ஆளுக்கு இரண்டரை நிமிஷம். பன்னிரண்டு பேர் என்றால் அரைமணி. ஏழு மணி நாடகம் ஏழரைக்குத் தொடங்கும். குழந்தைகள் தூங்கிவிடும், கடைசி பஸ் பிடிப்பவர்கள் உச்சக்காட்சிக்கு முன்பே எழுந்துவிடுவார்கள். யார் பணத்தில் நாடகம் நடக்கிறதோ அவர்கள் பெயராலேயே நாடகம் கெடுகிறது.

மாற்று: விளக்கணைப்பதற்கு முன் நாலே நிமிஷம். பெயர்களை வாசிக்கும்போது அவரவர் இடத்திலேயே எழுந்து கும்பிடட்டும், கைதட்டல் மொத்தமாகக் கடைசியில். மேடைக்கு ஒரே ஒருவர். அன்றைக்குச் சாப்பாடு போட்ட வீட்டுக்காரரோ ஊரின் மூத்தவரோ.

வரிசைதான் வம்பு. கோயில் முதல் மரியாதைக்கே கோர்ட்டுக்குப் போகிறவர்கள் நாம். தொகை வரிசை வைத்தால் 500 ரூபாய் வாத்தியார் அடுத்த வருஷம் வரமாட்டார். பணம் வந்த தேதி வரிசை, அல்லது அகர வரிசை; எதுவானாலும் "தேதி வரிசைப்படி வாசிக்கிறோம்" என்று மைக்கிலேயே சொல்லிவிடுங்கள். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதா வேண்டாமா என்பதையும் குழு முன்பே முடிவு செய்து எல்லாருக்கும் ஒரே மாதிரி கடைப்பிடிக்கணும். ஒருவருக்குப் போட்டு ஒருவருக்கு விட்டால் அது நாடகத்தைவிட நீண்ட நாள் ஓடும்.

முன்வரிசை: நடு நாற்காலிகள் பணம் தந்தவர்களுக்கு, பெயர்ச் சீட்டு ஒட்டி. அதிகாரிகள், அரசியல்காரர்கள் திடீரென்று வந்தால் வலப்பக்க வரிசை. ஏற்கெனவே உட்கார்ந்தவரை எழுப்பி மாற்றுவதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. பொன்னாடை பத்துப் போட்டாலும் ஈடாகாது. நாடகம் தொடங்கிப் பத்து நிமிஷம் வரை காலியாக வைத்திருந்து பிறகு விட்டுவிடுவோம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள்.

உண்மையில் ஆளை ஒட்டவைப்பது ஒத்திகைதான். அரங்கேற்றத்துக்கு மூன்று வாரம் முன்பு, பத்துப் பன்னிரண்டு பேருக்குமேல் இல்லாமல், ஜமுக்காளத்தில் உட்காரவைத்து, இருபது நிமிஷம் ஒரே ஒரு காட்சி. சுண்டல், காபி. ஒளியமைப்பாளர் ஒரு விளக்கின் நிறத்தாளை மாற்றி, பகல் இரவாவதைக் காட்டட்டும். முழு நாடகத்தையும் காட்டினால் அரங்கேற்றத்துக்கு வரமாட்டார்கள். "கருத்து சொல்லுங்க" என்று கேட்கவே கேட்காதீர்கள். கேட்டால் சொல்வார்கள்; சொன்னதைச் சேர்க்காவிட்டால் வருத்தம், சேர்த்தால் நாடகம் போச்சு. காட்சி நாளில் ஒப்பனை அறைக்குள் யாரையும் விடவேண்டாம். நாடகம் முடிந்தபின் பிள்ளைகளை மேடைக்கு விட்டு வாள், கிரீடம் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பொருள் தரணுமென்றால் பீரோவில் தூங்கும் பாலியெஸ்டர் பொன்னாடைக்குப் பதில், 18 பேரும் கையெழுத்திட்ட ஆறுக்கு நாலு அளவு நாடகப் படம் ஒன்று. ஒத்திகை இடைவேளையில் முப்பது முப்பதாகக் கையெழுத்து வாங்கினால் நாலு நாளில் முடியும். பெரிய தொகை தந்தவருக்குத் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையோ சின்ன நெட்டி வேலைப்பாடோ போதும்.

---

குடமுருட்டிக்கரை:

நன்றி. இரண்டு சந்தேகம். ரைஸ்மில்காரர் மேடைக்குப் பின்னால் தன் அரிசிப் பிராண்டு ஃப்ளெக்ஸ் கட்டச் சொல்கிறார். இன்னொருவர் சிங்கப்பூரில் இருக்கிறார், அங்கிருந்தே அனுப்புகிறேன் என்கிறார்.

---

பேரேடு:

முதலாவது: "நன்றி: இன்னார், இன்ன ஊர்" என்று பெயர் மட்டும் போட்டால் நன்கொடை. பிராண்டு, போன் நம்பர், "வாங்கிப் பயனடைவீர்" என்றெல்லாம் வந்தால் விளம்பரம். 2019 அக்டோபர் 11 தேதியிட்ட 116ஆம் எண் ஜிஎஸ்டி சுற்றறிக்கை இந்தக் கோட்டைத்தான் போடுகிறது: வியாபார லாபம் கருதாமல் தந்தவர் பெயரை நன்றிக்காகக் காட்டினால் ஜிஎஸ்டி இல்லை. அவருக்கு ஃப்ளெக்ஸ்தான் வேண்டுமென்றால் விளம்பர வருமானமாகத் தனியாக பில் போடுங்கள், 80ஜி சான்றிதழில் அந்தத் தொகையைச் சேர்க்காதீர்கள். மேடைக்குப் பின்னால் மட்டும் வேண்டாம், நுழைவாயிலில் கட்டுங்கள்.

இரண்டாவது: அவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்று கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. "ஊரில் என் அண்ணன் கணக்கில் போட்டு அவர் பெயரில் தருகிறேன்" என்பார், அதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஊருக்கு வரும் நாளில் ஒத்திகைக்குக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவையுங்கள்.

---

வெற்றிலைக்கொடிக்கால்:

பணம் தராமல் பொருள் தருபவர்களை யாரும் சொல்லவில்லையே. அறுவடை முடிந்து பொன்னி மூட்டை அனுப்புபவர், வேன் தருபவர், ஜெனரேட்டர் தருபவர். பொருளுக்கு 80ஜி கிடையாது, அதனால் ரசீதுப் பட்டியலில் இவர்கள் வராமல், கடைசியில் நன்றிக் கடிதமும் போகாமல் விட்டுப்போகிறது. அதே நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். இருபது பேருக்கு ஒரு வேளைக்கு மூன்று, மூன்றரைக் கிலோ அரிசி ஆகும். 25 கிலோ சிப்பம் ஒன்று ஏழு வேளை வந்ததென்றால் அதை அப்படியே எழுதுங்கள்: "நீங்கள் தந்த சிப்பத்தில் ஏழு ஊரில் சாப்பிட்டோம்", ஊர்ப் பெயர்களோடு. சமைத்துப் போட்ட வீட்டுப் பெண்கள் பெயரையும் மைக்கில் சொல்லுங்கள், வீட்டுக்காரர் பெயர் மட்டும் போதாது.

திதி நினைவாகத் தருபவர் இருப்பார். அந்த நாளைக் குறித்துவைத்து அன்று காலை ஒரு போன். பெயருக்கு முன் "தெய்வத்திரு" போடுவதை அச்சுக்குப் போகுமுன் இரண்டு பேர் சரிபாருங்கள். உயிரோடிருப்பவருக்குப் போட்டுவிட்டால் எந்தக் கடிதத்தாலும் ஈடுகட்ட முடியாது.

---

மொய்நோட்டு:

வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிடுங்கள். அதில் யார் எவ்வளவு தந்தார் என்ற ஒப்பீடும், காலை வணக்கப் படங்களும்தான் மிஞ்சும். உங்கள் செய்தி அடியில் போய்விடும். பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள், ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். "தெரியவே இல்லையே" என்று சொல்லும் பாதிப் பேரை இதிலும் இழப்பீர்கள். அதனால் அந்த முதல் ஒரு நிமிஷப் போனிலேயே, "இந்த நம்பரை நாடகக் குழு என்று சேவ் பண்ணிக்குங்க ஐயா" என்று சொல்லி, சேமித்தாரா என்று நோட்டில் ஒரு டிக் போட்டுவிடுங்கள். டிக் இல்லாதவர்களுக்கு அஞ்சலட்டை.